நன்றிக்கு ஒரு நிமிடம்

சனிக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால் தம்பியின் குரல் மாறிவிடும். மற்ற நாட்களில் கூரியர்காரனிடமும் மின்சார அலுவலகத்திலும் எரிந்து விழுகிற அதே தொண்டைதான். அன்றைக்கு மட்டும் பாகில் ஊறப்போட்டது போலக் குழைந்து வரும்.

"கண்ணை மெதுவா மூடுங்க. இப்ப உங்க கையில இருக்கிறது சாக்லேட் இல்ல. ஒரு மழை. ஒரு மரம். யாரோ ஒருத்தரோட வேர்வை."

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொக்கோ கொட்டைகளைத் தட்டில் பரப்பிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருக்கும் அக்கா, வேர்வை என்ற சொல் வந்ததும் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். வேண்டுமென்று செய்வதில்லை. வறுக்கும் உருளை அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டறை முன்பு டயர் கடையாக இருந்தது. முன்பாதியில் தம்பி வெள்ளையடித்து, நீள மேசை போட்டு, பன்னிரண்டு நாற்காலிகளும் சுவரில் இலைப் படங்களும் வைத்திருந்தான். பின்பாதியில் மூட்டைகள், வறுக்கும் உருளை, தோல் புடைக்கும் பெட்டி, இரண்டு கல் அரவை இயந்திரங்கள். ஒரு ஈடு கொக்கோ மூன்று நாள் இடைவிடாமல் அரைபட்டால்தான் நாக்கில் மணல் தட்டாது. ஆகவே சனிக்கிழமைக்காக அவற்றை நிறுத்த முடியாது. தியானத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று தம்பி தடுப்பின் மேல் இரண்டு கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டான். உழைப்புக்கு நன்றி சொல்லும்போது உழைக்கிற சத்தம் கேட்கக் கூடாதாம். அக்கா அன்று சிரித்த சிரிப்பு கம்பளியையும் தாண்டிக் கேட்டது.

தம்பி அவளைவிட ஆறு வயது இளையவன். தண்ணீர் வடிகட்டி விற்றான், காப்பீடு விற்றான், முதுகுவலிக்கு மெத்தை விற்றான். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் எங்கேயோ ஒரு துண்டு நல்ல சாக்லேட் தின்றுவிட்டு வந்து, வாழ்க்கையே திறந்துகொண்டது என்றான். அக்கா அப்போது தையல் ஆலையில் பிசிறு பார்க்கும் வேலையில் இருந்தாள். ஆயிரம் சட்டையில் எதில் ஒரு தையல் விட்டிருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணும் விரலும் வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தான். ஆறு வருடத்தில் அவள் வறுக்கவும் அரைக்கவும் பதமாக ஆற்றி அச்சில் ஊற்றவும் கற்றுக்கொண்டாள். அவன் பேசக் கற்றுக்கொண்டான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. முதலில் ஒரு நிமிடம் மௌனம். பிறகு நாக்கின் மேல் ஒரு துண்டு. கடிக்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். கரைந்தபின் ஒவ்வொருவரும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். சூரியனுக்குச் சொன்னார்கள், மண்ணுக்குச் சொன்னார்கள். ஒரு பெண் தன் நாக்குக்கே நன்றி சொல்லிக்கொண்டாள். தேனீக்களுக்கு நன்றி சொல்லாத வாரமே கிடையாது. கொக்கோப் பூவைத் தேனீ எட்டிக்கூடப் பார்க்காது என்றும், அது கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சியின் வேலை என்றும் அக்கா தம்பியிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். கொசு என்று சொன்னால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவன் மறுத்துவிட்டான்.

வாரம் தவறாமல் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். துண்டு நாக்கில் பட்டதும் அவர் விடுகிற பெருமூச்சில் மேசைமேல் இருக்கும் காகிதக் கைக்குட்டைகள் நகரும். அக்கா அவருக்குப் பெருமூச்சுக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். கூட்டம் முடிந்து அவர் புறப்படும்போது, துடைத்துவைத்த மேசையில் அவர் சாக்லேட் வழித்த விரலின் தடம் மட்டும் பாக்கி இருக்கும். அதை யார் துடைப்பார்கள் என்பது அவருடைய நன்றிப் பட்டியலில் ஒருநாளும் வந்ததில்லை.

அவர்களுடைய பேர்போன சாக்லேட்டுக்குக் கொட்டை அனுப்புகிறவள் தொலைவில் மலைப்பக்கத்தில் இருந்தாள். சுற்றியுள்ள பதினைந்து குடும்பங்கள் பறிக்கிற காய்களை வாங்கி உடைத்து, பெட்டிகளில் புளிக்க வைத்து, தன் களத்தில் காயப்போட்டு மூட்டை கட்டுவது அவள் வேலை. பட்டறையில் அவளைக் களத்துக்காரி என்பார்கள். சாக்லேட் உறையில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு கை நிறையக் கொட்டையோடு அவள் நிற்கும் படமும் இருந்தது. படத்தில் அவள் சிரிக்கவில்லை. தம்பி அதற்கு 'ஆழ்ந்த அமைதி' என்று விளக்கம் சொல்வான்.

அந்த வருடம் மலையில் மழை விடவே இல்லை. வந்த மூட்டையை அக்கா பிரித்தாள். குனியக்கூட வேண்டியிருக்கவில்லை, வாடை எழுந்து மூக்கில் அடித்தது. ஒரு பிடி எடுத்து நசுக்கி, இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி மோந்தாள். ஈர விறகு எரிந்த வீட்டில் ஒரு வாரம் தொங்கிய துணி போல இருந்தது. வழக்கம்போல ஐம்பது கொட்டைகளை நெடுக்காக வெட்டிப் பார்த்தாள். உள்ளே நிறம் பழுது சொல்ல முடியாதபடி இருந்தது. புளித்த பதமும் சரி. புகை மட்டும்தான். ஆனால் புகை ஏறிய கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் எத்தனை நாள் அரைத்தாலும் அது போகாது.

இதை அந்த உறையில் போட்டு விற்க முடியாது என்று தம்பியிடம் சொன்னாள். அவன் ஒரு கொட்டையை வாயில் போட்டு மென்றான். கண்கள் மின்னின.

"புகைன்னு ஏன்க்கா சொல்ற? அடுப்படி ஞாபகம்னு சொல்லு."

சிறப்புக் கூட்டம் ஒன்று ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது, வேறு கொட்டை கையில் இல்லை, அரைத்துத்தான் ஆகவேண்டும் என்றான். அக்கா அரைத்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இரண்டு தட்டுகளை ஓசைப்பட வைத்தாள், ஆனாலும் வறுத்து, புடைத்து, அரைத்து, அச்சில் ஊற்றினாள். உறையில் என் பெயரா இருக்கிறது, எனக்கென்ன வந்தது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. கம்பளியின் ஓட்டை வழியாக அக்கா பார்த்தாள். பன்னிரண்டு பேரும் கண்மூடி, முகத்தை மேலே தூக்கி, ஊசி போடக் காத்திருக்கும் நோயாளிகள் போல உட்கார்ந்திருந்தார்கள். துண்டு கரைந்தது. பெருமூச்சுக்காரர் விட்ட மூச்சு அன்று இரண்டு மூச்சுக்குச் சமம். தனக்கு ஒரு குடிசை தெரிகிறது என்றார். அதில் ஒரு தாய் குனிந்து அடுப்பை ஊதுகிறாளாம், அவள் கண்ணில் நீர் நிற்கிறதாம். சொல்லும்போதே அவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி, அந்தத் தாய் அந்த நேரத்தில் நம்மைத்தான் நினைத்திருப்பாள் என்று நெஞ்சில் கை வைத்தாள். தம்பி பெரிய துறவி போலத் தலையை மட்டும் அசைத்தான். எல்லோரும் சேர்ந்து களத்துக்காரிக்கு நன்றி சொல்வதைக் கைபேசியில் படம் பிடித்து அவளுக்கே அனுப்பியும் வைத்தான்.

திங்கட்கிழமை காலை பட்டறைத் தொலைபேசி அடித்தது. தம்பி வெளியே போயிருந்தான். அக்கா எடுத்தாள். களத்துக்காரியின் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் முறை. சட்டென்று விஷயத்துக்கு வருகிற, சளி கட்டிய குரல்.

"ஒரு வீடியோ வந்துது. பன்னெண்டு பேர் கண்ண மூடிட்டு உக்காந்திருக்காங்க. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அக்கா இல்லை என்று சொல்லி, நன்றி சொல்கிறார்கள் என்று விளக்கினாள். விளக்கும்போதே நாக்கு கூசியது. எதற்கு நன்றி என்று அவள் கேட்டாள். கொட்டைக்கு என்றாள் அக்கா. அந்தப் புகைக் கொட்டைக்கா என்று கேட்டாள் களத்துக்காரி.

பிறகு நடந்ததைச் சொன்னாள். மழை விடாததால் கொட்டை காயவில்லை என்று சொல்லி, இரண்டு வாரம் பொறுக்கும்படி களத்துக்காரி தம்பியிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். இந்த வாரம் வராவிட்டால் வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் பதில் அனுப்பியிருக்கிறான். பதினைந்து வீட்டுக் காய் அவள் பெட்டியில் புளித்து நிற்கிறது, வைத்திருந்தால் பூசணம் பிடித்துவிடும். வேறு வழியில்லாமல் களத்தில் பரண் கட்டி, அடியில் விறகு போட்டு, அவளும் அவள் நாத்தனாரும் மாறி மாறிப் புகையில் நின்று காய வைத்திருக்கிறார்கள். நாத்தனாருக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை.

"அப்பவே உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன். இது மட்டமான சரக்கு, பவுடர் கம்பெனிக்குக் கலக்க வித்துடுங்க, என் பேர்ல போடாதீங்கன்னு. பதினாலு வருஷமா என் களத்துல புகை வாடை வந்ததில்ல. இப்ப ஊரெல்லாம் என் படத்தப் போட்டு புகையைத் தின்ன வைக்கிறீங்க."

மன்னிப்புக் கேட்கலாமா என்று அக்கா யோசிப்பதற்குள் எதிர்முனை முடித்துவிட்டது.

"நன்றியெல்லாம் வேணாங்க. என் பேரை எடுத்துடுங்க."

தம்பி வந்ததும் அக்கா விடவில்லை. அவன் முதலில் அந்த அம்மாவுக்கு அடக்கம் அதிகம் என்றான். பிறகு, ஒரு குறையைக் குறை என்று பார்க்கிற மனசுதான் குறை என்று சனிக்கிழமைக் குரலில் ஆரம்பித்தான். அக்கா கையிலிருந்த கரண்டியைப் பார்த்ததும் சாதாரணக் குரலுக்கு இறங்கி, வந்தவர்கள் சந்தோஷமாகப் போனார்கள், இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டான். அந்த நாத்தனாரின் இருமலைப் பற்றி அக்கா சொன்னாள். அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். அடுத்த கூட்டத்தில் அந்த நாத்தனாருக்கும் அரை நிமிடம் ஒதுக்குவதாகச் சொன்னான்.

இவனிடம் பேசிப் பயனில்லை, வருகிறவர்களிடமே உடைத்துவிடுவது என்று அக்கா முடிவுக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமை மௌன நிமிடத்தின் நடுவில் கம்பளியை விலக்கிக்கொண்டு, மாவுபோல் தோல்தூசி படிந்த மேலங்கியோடு மேசை முனையில் போய் நின்றாள். அரவைச் சத்தமும் அவளோடு உள்ளே வந்தது. பன்னிரண்டு பேரும் கண் திறந்தார்கள்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் தின்கிற இந்த வாடை குற்றம், சிறப்பு அல்ல என்றாள். இரண்டு வாரம் பொறுக்க எங்களால் முடியாததால் வந்தது என்றாள். இரண்டு பெண்கள் புகையில் நின்றார்கள், ஒருத்திக்கு இன்னும் இருமல், உறையில் படம் இருக்கிறவள் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள் என்றாள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

யாராவது எழுந்து போவார்கள், யாராவது தம்பியைப் பிடித்து நாலு கேள்வி கேட்பார்கள், குறைந்தபட்சம் ஒருவராவது துண்டைக் கீழே வைப்பார் என்று அக்கா எதிர்பார்த்தாள். பெருமூச்சுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். அதற்கு முன் மூச்சை விட்டார்.

"எவ்வளவு பெரிய நேர்மை. இந்த அம்மாவோட இந்த உண்மைக்காக நாம எல்லாரும் ஒரு நிமிஷம் நன்றி சொல்லலாமே."

பன்னிரண்டு பேரும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

அக்கா நின்றாள். அறுபது விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க, தன்னைப் படமாக்கி எங்கேயோ ஒட்டிவிட்டது போல உடம்பு கூசிற்று. அவர்கள் யாருக்கு நன்றி சொன்னாலும் அந்த ஆளைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் கண்ணை மூடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நிமிடம் முடிந்தது. துண்டு கரைந்ததும், போன வாரம் நெஞ்சில் கை வைத்த பெண்மணி இன்னொன்று கேட்டாள். உண்மை தெரிந்தபின் இன்னும் ஆழமாக இருக்கிறதாம்.

எல்லோரும் போனபின் தம்பி ஓடிவந்தான். கோபப்படுவான் என்று நினைத்தால் முகமெல்லாம் பல். எல்லோரும் உருகிவிட்டார்கள் என்றும், அவள் பேசியது இத்தனை வருடத்தில் இல்லாத அனுபவம் என்று சொல்லிப் போனார்கள் என்றும் சொன்னான்.

"அக்கா, அடுத்த வாரமும் இதே மாதிரி வந்து சொல்றியா? அந்த மேலங்கியோடயே வா."

திங்கட்கிழமை காலை, அக்கா இரண்டு அரவை இயந்திரங்களையும் நிறுத்தினாள். ஆறு வருடமாக ஓயாத சத்தம் ஓய்ந்ததில், மாடியில் குடியிருக்கும் பல் வைத்தியரே என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். தம்பி வந்தபோது அவள் மேசை முன் உட்கார்ந்து, அலமாரியில் மீந்திருந்த சாக்லேட் கட்டிகளை ஒவ்வொன்றாக உறை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த உறைகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அத்தனையிலும் அந்தச் சிரிக்காத முகம்.

இனி வறுக்க மாட்டேன் என்றாள். நீ அந்த அம்மாவைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் கொட்டை மூட்டையிலேயே இருக்கட்டும் என்றாள். அவன் கெஞ்சினான், கோபித்தான், அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். அப்பா இருந்திருந்தால் மெத்தை விற்கும்போதே உன்னை வெளுத்திருப்பார் என்றாள். அவன் தொலைபேசியை எடுத்தான்.

ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள். அவன் பழக்கதோஷத்தில் சனிக்கிழமைக் குரலில் வணக்கம் சொல்லி, உங்கள் கைகளை நினைக்காத நாளில்லை என்று தொடங்கினான். எதிர்முனையில் சந்தேகத்தோடு ஒரு கேள்வி வந்தது.

"யாருங்க பேசறது, சாமியாரா?"

அதற்குப் பிறகு அவன் ஒழுங்காகப் பேசினான். களத்துக்காரி மளமளவென்று சொல்லிவிட்டாள். பெயரும் படமும் போக வேண்டும். புகைச் சரக்கு பெயரில்லாமல் கேக் செய்கிறவர்களுக்குப் போகட்டும். மழை பெய்தால் பொறுக்க வேண்டும், பொறுக்க முடியாதவர்கள் இப்போதே சொல்லிவிடலாம், அவளுக்கு வேறு ஆள் இருக்கிறது. தம்பி எல்லாவற்றுக்கும் சரி என்றான். வேறு வழியில்லை. சனிக்கிழமை நாற்காலிகளுக்கு முன் எதையாவது வைத்தாக வேண்டுமே. இன்னும் ஏதாவது உண்டா என்று அவன் கேட்டது, பேச்சை முடிப்பதற்காகத்தான்.

"ஒண்ணு இருக்கு. மூட்டையை வெட்டிப் பாப்பீங்கல்ல, உள்ள எப்படி இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. பதினாலு வருஷமா ஒருத்தரும் சொன்னதில்ல. எந்தப் பெட்டி நல்லா புளிக்குது, எது சரியில்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஒவ்வொரு மூட்டையிலும் ஐம்பது கொட்டை வெட்டி, எத்தனை பழுப்பு, எத்தனை சரியாகப் புளிக்காத ஊதா, எத்தனை பூசணம் என்று மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தாள். தையல் ஆலையிலும் அப்படித்தான், பிசிறைக் கண்டுபிடித்துக் கூடையில் போடுவதோடு அவள் வேலை முடிந்தது. தைத்தவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. தம்பியையும் பெருமூச்சுக்காரரையும் ஆறு வருடமாக நக்கலடித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த நோட்டுகளில் ஒரு தாளைக்கூட மலைக்கு அனுப்பத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டவர்கள் பன்னிரண்டு பேர் என்று எண்ணியிருந்தாள். பதின்மூன்றாவது ஆள் கம்பளிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நோட்டுகளைப் பிரதி எடுத்தாள். புகை ஏறாத பழைய ஈட்டில் தனக்காக ஒதுக்கி வைத்திருந்த ஆறு கட்டிகளையும் அதோடு வைத்துக் கட்டினாள். கடிதம் எழுத உட்கார்ந்தபோது நன்றி என்ற சொல் பேனா முனை வரை வந்தது. எழுதாமல் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. மலையில் மழை ஓயும்வரைக்கும் தம்பி வேறெங்கிருந்தோ கொட்டை வாங்கிவந்து, வேறொருவரின் வேர்வையைப் பேச ஆரம்பித்தான். பெருமூச்சுக்காரர் அதிலும் ஒரு குடிசையைக் கண்டார். பெயரை எடுத்ததற்காகவும் ஒரு நிமிடம் நன்றி சொன்னார்கள். அக்கா அரவை இயந்திரங்களை மறுபடி ஓடவிட்டாள், கம்பளியைப் பிடுங்கி மூட்டைகளுக்கு விரித்துவிட்டாள். அரவைச் சத்தத்தில் வேர்வை என்ற சொல் பாதிதான் கேட்டது, அது ஒரு நிம்மதி.

ஐந்து வாரம் கழித்துக் களத்துக்காரியிடமிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு தாள். நோட்டைப் படித்ததாகவும், ஊதா அதிகமிருந்த மூட்டைகள் மூன்றாம் எண் பெட்டியில் புளித்தவை என்பதால் அதைத் திறந்து பார்த்து, இற்றுப்போன பலகையை மாற்றிவிட்டதாகவும், நாத்தனாருக்கு இருமல் தேவலை என்றும் எழுதியிருந்தாள். கீழே இன்னும் நாலு வரி. 'உங்க சாக்லேட் சாப்பிட்டோம். ரொம்ப வறுத்துட்டீங்க. நாங்களும் இங்க சின்ன வாணலில வறுத்து அரைச்சுப் பாக்குறவங்கதான். என் கொட்டையில ஒரு பழப் புளிப்பு இருக்கு, அதைக் கருக்கிட்டீங்க. ஆறு வருஷமா இப்படித்தானா?'

அக்காவுக்குக் கோபம் கழுத்து வரை ஏறியது. இவள் யார் எனக்கு வறுக்கச் சொல்லித்தர என்று தாளை மடித்து மேலங்கிப் பையில் செருகினாள். ஒரு மூட்டை நகர்த்தினாள், இல்லாத தூசியைப் பெருக்கினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். பிறகு, மழை ஓய்ந்தபின் வந்த புது மூட்டையைப் பிரித்து, இரண்டு கிலோ மட்டும் அளந்து உருளையில் போட்டாள். வெப்பத்தை ஆறு டிகிரி குறைத்தாள். வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் முன்னதாகவே கொட்டி ஆறவைத்தாள்.

ஒரு கொட்டையைத் தோல் உரித்து வாயில் போட்டாள். முதலில் கசந்தது. கசப்புக்குக் கீழே, நாக்கின் ஓரத்தில், பழுத்தும் பழுக்காத ஏதோ ஒரு பழத்தின் புளிப்பு சுருக்கென்று எட்டிப் பார்த்தது. ஆறு வருடமாக அவள் கைவழியாகத்தான் அது போயிருக்கிறது. ஒருநாளும் அவள் கண்டதில்லை. அக்கா இன்னொன்றை உரித்தாள்.

தம்பி உள்ளே வந்து, அவள் கையில் இருந்த தாளைப் பார்த்து, நன்றிக் கடிதமா என்று ஆசையாகக் கேட்டான். இல்லை, திட்டு என்றாள். அவன் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு என்னவோ சிரிப்பு வந்தது.

அன்றே பதில் எழுதினாள். 'நீங்க சொன்னது சரி. ஆறு டிகிரி குறைச்சேன், புளிப்பு தெரியுது. இன்னும் குறைக்கணுமா?' தாளை ஒட்டித் தபாலுக்குக் கொடுத்துவிட்டு வந்து, மூட்டையிலிருந்து அடுத்த ஐம்பது கொட்டைகளை எண்ணி வெட்ட உட்கார்ந்தாள்.